அஞ்சரை அடிப் பள்ளம்

காலை பத்து மணிக்குள் நாற்பது அடி தூரம்தான் பள்ளம் போயிருந்தது. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சுக்காங்கல். ஆரோக்கியதாஸ் கடப்பாரையை ஓங்கி இறக்கினால் முதல் குத்துக்குக் கை அதிரும், இரண்டாவதற்குத் தீப்பொறி வரும், மூன்றாவதற்குத்தான் போனால் போகிறதென்று ஒரு சில்லு பெயரும். பெயர்ந்ததை அவன் மனைவி ஜெபராணி மம்பட்டியால் இழுத்துக் கரையில் போட்டாள். வெங்கடம்மாளும் மற்ற நான்கு பேரும் பின்னால் ஆரஞ்சு நிறக் குழாயை உருட்டிக்கொண்டு வந்து பள்ளத்தில் படுக்க வைத்தார்கள். குழாய்க்குள் பிற்பாடு மெஷின் வைத்துக் கண்ணாடி இழைக் கேபிளை ஊதிவிடுவார்கள். அது கறிவேப்பிலைத் தோட்டங்களையும் வாழைக்காடுகளையும் தாண்டி, மேட்டின்மேல் நிற்கும் செல்போன் டவருக்குப் போய்ச் சேரும்.

அன்னூரிலிருந்து வந்த மினி பஸ் ஒன்று தடத்து முனையில் நின்று, ஒரே ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. ஐம்பது வயது இருக்கும். கையில் துணிப்பை. அவள் பள்ளத்தின் ஓரமாகவே நடந்து வந்து, வேலை செய்கிற பெண்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தாள். ஹெல்மெட் மறைத்த முகத்தை, "சித்த நிமுந்து பாருங்க அம்மணி" என்று கேட்டுப் பார்த்தாள். ஜெபராணியிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்கதானுங்க அது."

"எதுங்க?"

"போட்டோவுல இருக்கறது. ஸ்டேஷன்ல காட்டுனாங்க. பள்ளத்துக்குள்ள அளவுகோலைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

ஜெபராணி மம்பட்டியைக் கீழே வைத்தாள். வந்தவள் பெயர் பாவாத்தாள். அவள் புருஷன் மாரப்பன், இங்கிருந்து ஐந்து மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜெபராணியின் ஆட்கள் அந்தத் தோட்டத்து ஓரமாகத்தான் குழாய் பதித்தார்கள். மோட்டார் ரூமில் தண்ணீர் பிடிக்கப் போனால், "கொடத்தக் குடுங்க, நான் புடிச்சுத் தாரேன்" என்று எழுந்து வருகிற மனிதரை ஜெபராணிக்கு நினைவிருந்தது.

"திங்கக்கெழம சோளத்துக்கு ஓட்டுனாருங்க. வரப்போரமா ஓரக்கால்ல சட்டிக் கலப்பையில என்னமோ மாட்டி இழுத்துது. எறங்கிப் பாத்தா இந்தக் கொழாய். இருவதடி கூடவே வந்துபோச்சு. வண்டி ஏறிறப் போகுதேன்னு அதைச் சுருட்டி மோட்டார் ரூமுல பத்திரமா வெச்சாரு. கேக்க வந்தா குடுத்துறலாம்னு." பாவாத்தாள் மூச்சு வாங்கினாள். "கேக்க வந்தாங்க. போலீஸோட வந்தாங்க. கேபிள் திருடன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"கலப்பையில மாட்டுனதுன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"சொன்னாரு. நானும் சொன்னேன். அதுக்குத்தான் உங்க போட்டோவைக் காட்டுறாங்க. கேபிள் கெடக்கறது அஞ்சரை அடி ஆழத்துல. எந்தக் கலப்பை அஞ்சரை அடி போகும், இவன் வேணும்னே ஆளுயரத்துக்குத் தோண்டித்தான் எடுத்துருக்கான், அப்படீங்கறாங்க. இன்னைக்குப் பொழுதோட கோர்ட்டுக்குக் கொண்டுபோயி ஜெயில்ல வெச்சுப்போடுவாங்களாம்." அவள் ஜெபராணியின் கண்ணையே பார்த்தாள். "நெசமாலுமே அஞ்சரை அடி தோண்டுனீங்களா அம்மணி?"

கடப்பாரைச் சத்தம் நின்றுவிட்டது. ஏழு பேரும் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் காலடியில் இருந்த பள்ளம் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

*

அஞ்சரை அடி ஆழம் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. நூறு மீட்டருக்கு ஒரு போட்டோ எடுக்க வேண்டும், போட்டோவில் அளவுகோல் தெரிய வேண்டும், பக்கத்தில் ஸ்லேட்டில் எத்தனையாவது மீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும் என்பதும் அதே காகிதத்தில்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த அந்த வேலையில், டவரைத் திறக்கிற தேதியை முதலிலேயே குறித்துவிட்டார்கள். நாலேகால் கிலோமீட்டர், முப்பது நாள், ஏழு பேர். சுக்காங்கல்லில் அஞ்சரை அடி தோண்டியிருந்தால் முப்பது நாளில் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

சூப்பர்வைசர் அபிலாஷ் முதல்நாளே வழி சொல்லிவிட்டான். பீளமேட்டில் என்ஜினியரிங் படித்தவன், பாலக்காட்டுப் பக்கத்துப் பையன், எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். குழாயை ஒன்றரை அடியில் போட்டுக்கொண்டே போகலாம், கல் கண்ட இடத்தில் ஒரு அடி போதும் என்றான். போட்டோவுக்கு மட்டும் ஓடைக்கரையில், மண் இளகின இடமாகப் பார்த்து ஒரே ஒரு பள்ளம். அதை மட்டும் சுத்தமாக அஞ்சரை அடி தோண்டினார்கள். ஒரு கட்டில் நீளம், முக்கால் கட்டில் அகலம். சவத்தை இறக்குகிற அளவு இருக்கிறது என்று வெங்கடம்மாள் சொன்னாள்.

அந்தப் பள்ளத்தில் இறங்கியது ஜெபராணி. ஆளில் குட்டை, பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும் என்று அபிலாஷ்தான் அவளைத் தேர்ந்தெடுத்தான். காலையில் ஆரம்பித்து மதியச் சோற்றுக்குள் நாற்பத்து மூன்று போட்டோ எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் ஸ்லேட்டை அழித்து வேறு எண் எழுதினான். ஒரே ஆள் ஒரே சட்டையில் நின்றால் சந்தேகம் வரும் என்று, சேலைமேல் போடுகிற சட்டையை நாலு போட்டோவுக்கு ஒருதரம் மாற்றச் சொன்னான். தன் சட்டை, புருஷன் சட்டை, வெங்கடம்மாளின் நீலச் சட்டை என்று ஜெபராணி மாற்றி மாற்றிப் போட்டாள். ஹெல்மெட்டை ஒருதரம் மஞ்சள், ஒருதரம் வெள்ளை. மண்ணின் நிறம் மாறட்டும் என்று குடத்துத் தண்ணீரைத் தெளித்தான். எடுத்த இடத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள அவன் போனில் ஏதோ ஒரு வசதி இருந்தது. கல்யாண வீட்டுப் போட்டோக்காரன்கூட இவ்வளவு சிரத்தையாக எடுத்திருக்க மாட்டான். எல்லோரும் சிரித்தார்கள், ஜெபராணியும் சிரித்தாள். இப்போது அதை நினைக்கையில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

*

"போயிச் சொல்லிப்போட்டு வாரேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவே?" வெங்கடம்மாள் குழாயை விட்டுவிட்டு நேராக வந்து நின்றாள். ஏழு பேரில் மூத்தவள் அவள். "நாங்க பொய்யாத் தோண்டுனோம்னு சொல்லுவியா? நாளைக்கு நம்மள எவன் வேலைக்குக் கூப்புடுவான்? நீ ஒருத்தி பேசுவே, ஏழு ஊட்டு அடுப்பு அணையும்."

"அதுக்கு அந்த மனுசன் ஜெயிலுக்குப் போகோணுமாக்கா?"

"போகோணும்னு நான் சொல்லுல. இந்த வேலையும் போச்சுன்னா மறுபடியும் தோட்டத்துக்காரங்க வாசல்ல போயி நிக்கோணும். செருப்பக் கழட்டிப்போட்டு, சாமீன்னு கூப்புட்டுக்கிட்டு. எம்பட மகளைக் கூட்டிக்கிட்டு அங்க போயி நிக்க என்னால ஆகாது." வெங்கடம்மாளின் குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது. "உனக்கு மறந்துபோச்சா அதெல்லாம்?"

ஜெபராணிக்கு மறக்கவில்லை. அவள் அம்மாவும் அப்பாவும் வாழைத்தார் சுமந்த தோட்டத்தில் அவர்களுக்கென்று தண்ணீர் குடிக்க ஒரு கொட்டாங்குச்சி தனியாகத் தொங்கும். ஐந்து வருடம் முன்னால் இந்த ஹெல்மெட்டைத் தலையில் வைத்த அன்று, இனி எவன் வாசலிலும் குனிந்து நிற்பதில்லை என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். வெங்கடம்மாள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூடத் தவறு என்று தள்ள அவளால் முடியவில்லை.

அந்த நேரத்துக்கு அபிலாஷின் பைக் வந்தது. இறங்கும்போதே, "ஜெபராணியக்கா, ஒரு உதவி" என்று ஆரம்பித்தான். பாவாத்தாளை அவனுக்குத் தெரியவில்லை. "ஸ்டேஷன் வரைக்கும் வரணும். ஒரு கேபிள் திருட்டுக் கேஸ். குழாயை முறையா அஞ்சரை அடியில பதிச்சோம்னு ஒரு கையெழுத்து. போட்டோவுல நீங்கதானே இருக்கீங்க, அதான் நீங்களே சாட்சி போட்டா கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

பாவாத்தாள் துணிப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன் தம்பி" என்றாள் ஜெபராணி. "எங்கூட்டுக்காரரும் வரட்டும்."

ஆரோக்கியதாஸ் கடப்பாரையைக் கரையில் சாத்தி, கைகளை வேட்டியில் துடைத்தான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. வெங்கடம்மாளைத் தாண்டும்போது மட்டும், "அவளை நிறுத்த முடியாதுங்கக்கா, இருபது வருசமா பாத்துட்டேன்" என்றான்.

*

மாரப்பன் ஸ்டேஷன் வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. உழவு மண் கணுக்கால்வரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஜெபராணியைப் பார்த்ததும் தண்ணீர் பிடிக்க வந்த ஆள் என்று அடையாளம் தெரிந்து, பழக்கத்தில், "வாங்கம்மணி" என்றார். சொன்னபிறகுதான் தான் இருக்கிற இடம் உறைத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்.ஐ. மேஜையில் டைப் செய்த தாள் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். ஜெபராணி தாளைக் கையில் எடுத்தாள். எட்டாவதுவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுத்துக் கூட்டாமல் நிதானமாகப் படித்தாள். அபிலாஷ் இரண்டு தரம் பேனாவை நீட்டினான்.

"இது பொய்யுங்க" என்று தாளைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "எது பொய்? போட்டோவுல இருக்கறது நீதானே?"

"நாந்தானுங்க."

"அளவுகோல்ல அஞ்சரை அடி தெரியுது. அதுவும் பொய்யா?"

"அந்தப் பள்ளம் அஞ்சரை அடிதானுங்க. ஆனா அதுல கொழாயே கெடையாது. கொழாய் கெடக்கறது ஒரு அடியில. இவரு கலப்பைக்கு மாட்டாம என்னங்க பண்ணும்?"

"ஏம்மா, நாற்பத்து மூணு போட்டோ இருக்குது. நாற்பத்து மூணு பள்ளம்."

"பள்ளம் ஒண்ணுதானுங்க."

அபிலாஷ் முன்னால் வந்தான். "சார், ரெண்டு மாசம் முன்னாடி வேலை நடந்தப்ப இவங்க எல்லாரும் அந்த ஆள்கிட்டத்தான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. பாவம் பாத்துப் பேசறாங்க. ஒவ்வொரு போட்டோவும் வேற வேற இடம். சட்டையப் பாருங்க, ஸ்லேட்டைப் பாருங்க."

"சட்டைய விடுங்க சார்" என்றாள் ஜெபராணி. "செவுத்தப் பாருங்க."

"எந்தச் செவுரு?"

"பள்ளத்துச் செவுரு. எம்பட தோளுக்குப் பக்கத்துல."

எஸ்.ஐ. அபிலாஷின் போனை வாங்கி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். ஈர மண்ணில், கடப்பாரை முனையால் கீறிய ஒரு சிலுவை தெரிந்தது. கீழ்க்கோடு கொஞ்சம் கோணல். அடுத்த படத்தைத் தள்ளினார். நீலச் சட்டை, வெள்ளை ஹெல்மெட், வேறு எண், அதே கோணல் சிலுவை. அதற்கடுத்ததிலும் இருந்தது.

"எங்கப்பா பீளமேட்டுல ஒரு கட்டடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டறப்ப மண்ணு சரிஞ்சு செத்தாருங்க" என்றாள் ஜெபராணி. "அதுலயிருந்து இடுப்புக்கு மேல எந்தப் பள்ளத்துல எறங்குனாலும் மொதல்ல ஒரு சிலுவை கீறிப்போட்டுத்தான் கோலைத் தொடுவேன். வெங்கடம்மாக்கா மாரியாத்தாளைக் கும்புடறவங்க, அவங்ககூட எனக்கும் சேத்து ஒண்ணு போடும்பாங்க. பள்ளத்துக்கு ஒண்ணுதான் போடுவேன். நாற்பத்து மூணு பள்ளத்துல நாற்பத்து மூணு தடவ ஒரே எடத்துல, ஒரே கோணலா யாராலயும் கீற முடியாதுங்க."

எஸ்.ஐ. கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்தார். சட்டை, ஹெல்மெட், சாக்பீஸ், மண்ணின் நிறம் எல்லாவற்றையும் கவனித்த அபிலாஷ், மண்சுவரில் இருந்த கீறலைக் கவனித்ததே இல்லை. அது அவன் கண்ணுக்கு மண்ணாகவே தெரிந்திருந்தது.

"இதெல்லாம் கோர்ட்டுல நிக்குமா..." என்று எஸ்.ஐ. இழுத்தார். அவருக்கு எரிச்சல் யார்மேல் என்று சொல்ல முடியவில்லை. முடிந்த கேஸ் ஒன்று முடியாமல் போகிற எரிச்சல் அது.

"நிக்காட்டிப் போகுதுங்க. தோண்டிப் பாத்துருவோம்" என்றாள் ஜெபராணி. "கேபிளு அங்கேயேதான் கெடக்குது. அது பொய் சொல்லாது."

*

மாரப்பனையும் ஏற்றிக்கொண்டு ஜீப் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாவாத்தாள் அங்கே வந்திருந்தாள். ஆரோக்கியதாஸ் போனில் சொன்னதைக் கேட்டு, அவளோடு குழாய் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள். வெங்கடம்மாள் வண்டியை விட்டு இறங்காமல் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுந்த இடத்தில் ரிப்பேர் ஆட்கள் இரண்டு பேர் குழாய் முனையை வெளியே இழுத்து வைத்து, உள்ளே முடியளவு இருந்த இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாகச் செத்துக்கிடக்கும் டவரை சாயங்காலத்துக்குள் ஓட வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு.

அறுபட்ட இடத்திலிருந்து நூறடி தள்ளி, கலப்பை தொடாத இடமாக எஸ்.ஐ. காட்டினார். ஆரோக்கியதாஸ் மம்பட்டியை எடுத்தான். முதல் வெட்டில் புல் வந்தது. இரண்டாவது வெட்டில் சுக்காங்கல் சில்லு வந்தது. நாலாவது வெட்டில் ஜெபராணி, "போதும், நிறுத்துங்க" என்று குனிந்து கையால் மண்ணைத் தள்ளினாள். ஆரஞ்சு நிறம் தெரிந்தது. போலீஸ்காரர் ஒருவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, மறுபடியும் வைத்துப் பார்த்து, "இருபத்தெட்டு சென்டி சார்" என்றார்.

"அடிக்கணக்குல சொல்லுய்யா."

"ஒரு அடிகூட இல்லீங்க சார்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மாரப்பனைப் பார்த்து, "போய்யா" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாளாக வராண்டாவில் உட்கார வைத்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் பதில். மாரப்பன் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாதவர் போல வரப்பின் ஓரமாக நின்றார். பாவாத்தாள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூடக் கூச்சப்படவில்லை.

அபிலாஷ் வேப்பமரத்தடிக்குப் போய் சரவணம்பட்டி ஆபீசுக்குப் போன் செய்யப் பார்த்தான். டவர் செத்துக் கிடந்ததால் சிக்னல் கிடைக்காமல் மேடேறிப் போய்ப் பேசினான். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான், "சரி சார்", "சரி சார்" என்பது மட்டும் கீழேவரை கேட்டது. திரும்பி வந்தபோது ஜெபராணியைப் பார்க்காமல் எஸ்.ஐ.யிடம் நேராகப் போனான்.

"சார், கம்ப்ளெயின்ட்டை மாத்திக் குடுக்கச் சொல்றாங்க. லேபர் ஆளுங்க கம்பெனியை ஏமாத்தி, பொய்யா ஆழம் காட்டி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்கன்னு."

"யார் மேல?"

"போட்டோவுல இருக்கறவங்க மேல."

"போட்டோ எடுத்தது யாருங்க?" என்று ஜெபராணி கேட்டாள். சத்தம் போடவில்லை. "எறங்குன்னு சொன்னது யாரு? சட்டைய மாத்துன்னு சொன்னது யாரு? ஸ்லேட்டுல எழுதுன கையெழுத்து எம்படதா? சொல்லுங்க தம்பி, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"அக்கா, என் வேலையும் போயிரும்க்கா" என்று அபிலாஷ் முணுமுணுத்தான். அது உண்மைதான். அவன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. ஆனாலும் கம்ப்ளெயின்ட்டை மாற்றித் தரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

எஸ்.ஐ. போனை மறுபடி வாங்கிப் பார்த்தார். நாற்பத்து மூன்று படத்திலும் ஜெபராணி இருந்தாள். எடுத்தவன் ஒன்றில்கூட இல்லை. "கையில இருக்கற ஆதாரத்தை வெச்சுத்தாம்மா நான் எழுத முடியும்" என்றார். பழைய தாளிலேயே மாரப்பன் என்ற பெயரை அடித்துவிட்டு, போலீஸ்காரர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுதுங்க" என்றாள் ஜெபராணி. "ஜெபராணி, கணவர் பேரு ஆரோக்கியதாஸ். பள்ளம் தோண்டறது தொழில். முப்பது நாள்ல நாலேகால் கிலோமீட்டர்னு சொன்னதையும் எழுதுங்க. அதை எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அதெல்லாம் எழுத முடியாது."

"அப்ப கையெழுத்தும் கெடையாதுங்க."

வண்டியிலிருந்து வெங்கடம்மாள் இறங்கினாள். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, பலகையைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். எஸ்.ஐ.யின் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தாள்.

"அந்த நீலச் சட்டை என்னுதுங்க" என்றாள். "பாக்கெட்டுக்கிட்ட நூலு போட்டுத் தெச்சிருக்கும், பாருங்க. எம்பட பேரையும் எழுதிக்கோங்க. வெங்கடம்மாள்."

ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். வெங்கடம்மாள் அவளைப் பார்க்காமல், "என்ன பாக்கறே? சட்டை என்னுதுதானே" என்றாள்.

மஞ்சள் ஹெல்மெட் என்னுது என்றான் அடுத்தவன். பள்ளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நான் என்றாள் இன்னொருத்தி. மற்ற இருவரும் ஆரோக்கியதாஸும் வந்து வரிசையில் நின்றார்கள். அபிலாஷ் பதறிப்போய், "நீங்க எல்லாம் வேண்டாம்க்கா, ஜெபராணியக்கா மட்டும் போதும். நாளைக்கு லைன்ல வேலை இருக்கு, ஆள் வேணும்" என்றான்.

"நாளைக்கு நீங்க எறங்குங்க தம்பி" என்றாள் வெங்கடம்மாள். "படிச்சவங்க, அளவு சரியா வரும்."

தாளில் இரண்டு பெயருக்குத்தான் இடம் இருந்தது. போலீஸ்காரர் பின்பக்கம் திருப்பி மற்றவர்களின் பெயரை எழுதினார். ஜீப்பில் ஏழு பேருக்கு இடம் போதாது என்று, அவர்கள் வந்த குட்டியானையிலேயே ஏறி ஜீப்பின் பின்னால் வரச் சொன்னார்கள். ரிப்பேர் முடிகிறவரை காவலுக்கு ஒரு போலீஸ்காரரை மட்டும் தோட்டத்தில் நிறுத்தினார்கள்.

ரிப்பேர் ஆட்கள் அதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். இணைத்த இடத்தைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, குழாயை அதே உழவுச் சாலில் படுக்க வைத்து, காலாலேயே மண்ணைத் தள்ளினார்கள்.

"சித்த ஆழமாப் போடுங்க" என்றார் மாரப்பன். இரண்டு நாளில் அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "மழை பேஞ்சா மறுபடியும் நாந்தானுங்க இதுமேல ஓட்டோணும்."

"எங்க வேலை ஜாயின்ட் போடறது மட்டும்தான் பெரியவரே" என்றான் ஒருவன். மண்ணைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

மாரப்பன் கொஞ்ச நேரம் அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடின மண்ணைத் தள்ளிக் குழாயை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது கிடந்த இடத்தில் பத்து விரலாலும் மண்ணைப் பறிக்கத் தொடங்கினார்.

"யோவ்" என்று போலீஸ்காரர் ஓடிவந்தார். "இப்பத்தானே உன்னை விட்டாங்க. கேபிள்ல கை வெச்சா மறுபடியும் கேஸு ஆயிரும். கைய எடு."

மாரப்பன் நிமிரவில்லை. சுக்காங்கல் நகத்துக்குள் ஏறியது. எதிர்ப்பக்கம் பாவாத்தாள் வந்து உட்கார்ந்து, அவர் பறித்த மண்ணை முந்தானையில் வாரி வெளியே கொட்டினாள்.

குட்டியானை கிளம்பிவிட்டது. ஜெபராணி காலடியில் கிடந்த மம்பட்டியை எடுத்து, ஓடுகிற வண்டியிலிருந்து வரப்பின்மேல் வீசினாள். "அண்ணா, கையில வேண்டாம். அதுல வெட்டுங்க" என்று கூப்பிட்டாள்.

போலீஸ்காரர் முந்திக்கொண்டார். மம்பட்டியை எடுத்து, காம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சாட்சிப் பொருள் என்று சொல்லித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாரப்பன் கையாலேயே தோண்டிக்கொண்டிருந்தார்.